மலிவான ஊருக்குக் குடிபெயரலாமா?

பதினோரு மாதத்திற்கு ஒரு முறை நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். குடியிருக்கும் வீட்டின் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துகிறார். முன்பணத்தையும் கூட்டிக் கேட்கிறார். அன்றிரவு சாப்பாடு முடிந்ததும், "மும்பையில் பட்ட பாடு போதும், செலவு குறைந்த ஊர் ஒன்றைப் பார்த்துப் போய்விட்டால் என்ன?" என்று வீட்டில் எவரேனும் ஒருவர் சொல்லுவார். மற்றவர்கள் ஆமென்பார்கள். விடிந்ததும் அவரவர் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். பேச்சு அடுத்த பதினோராம் மாதம் வரையில் உறங்கும்.

இவ்வாண்டு எங்கள் வீட்டில் அப்பேச்சு உறங்கவில்லை. டோம்பிவிலியில் நாங்கள் இருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டிற்கு மாதம் ரூ. 14,000 கொடுத்து வந்தோம். வீட்டுக்காரர் ரூ. 15,500 கேட்டார், முன்பணம் ரூ. 50,000 என்றிருந்ததை ரூ. 75,000 ஆக்க வேண்டும் என்றார். நான் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. பத்தாம் வகுப்புத் தேறி, கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதி மேசைக்கு வந்தவன். வீட்டில் தாயார், மனைவி, எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆகியோருடன் நால்வர். இந்தச் சம்பளத்தில் அந்த வாடகை எப்படி அடங்கும் என்று யோசித்து, சோலாப்பூர்க் கோட்டத்திற்கு மாற்றம் கேட்டு ஒரு மனு எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்து மட்டுமே பாக்கி. அம்மனுவை மேசையிழுப்பறையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் நான் போட்ட கணக்கையும், அக்கணக்கைத் திருத்தியவர்களின் சொற்களையும் நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

மூன்று வழிகள்

மும்பையில் வாழும் நம்மவர் மலிவான இடம் தேடும்போது பெரும்பாலும் மூன்று வழிகளையே எண்ணுகின்றனர். முதலாவது, வேலையை விடாமல் வீட்டை மட்டும் இன்னும் தொலைவிற்குக் கொண்டு போவது. மாதுங்காவிலும் சயானிலும் இருந்தவர்களின் பிள்ளைகள் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் வந்தது போல, இப்போது டோம்பிவிலியில் இருப்போர் அம்பர்நாத், பத்லாப்பூர் என்று போகின்றனர். இரண்டாவது, இதே மாநிலத்தில் உள்நாட்டு நகரம் ஒன்றிற்குப் போவது. நாக்பூர், நாசிக், சோலாப்பூர் போன்றவை அத்தகையன. மூன்றாவது, சொந்த ஊருக்கே திரும்பிவிடுவது.

மூன்றிலும் வாடகை குறையும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். வாடகை குறைவது ஒன்றையே பார்த்து முடிவு செய்யலாமா என்பதுதான் கேள்வி.

சம்பளச் சீட்டும் ஊரும்

நம்மில் மத்திய அரசு வேலையில் உள்ளோர் ஏராளம். அவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது தங்கள் சம்பளச் சீட்டை. ஏழாம் ஊதியக் குழுவின் ஏற்பாட்டில் நகரங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. மும்பை, டில்லி, கல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத், ஆமதாபாத், புனே என்னும் எட்டும் முதல் வகை. நாக்பூர், சோலாப்பூர், கோயம்புத்தூர், மதுரை, திருச்சி போன்றவை இரண்டாம் வகை. மற்ற ஊர்கள் யாவும் மூன்றாம் வகை. பஞ்சப்படி ஐம்பது விழுக்காட்டை எட்டிய 2024 சனவரி முதல் வீட்டு வாடகைப்படி இம்மூன்று வகைக்கும் முறையே அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 விழுக்காடு என்று ஆயிற்று.

கணக்கு எளிதாவதற்காக அடிப்படைச் சம்பளம் ரூ. 30,000 என்று வைத்துக்கொள்வோம். என் சம்பளமும் அதை ஒட்டியதே. மும்பையில் வாடகைப்படி ரூ. 9,000. சோலாப்பூரில் ரூ. 6,000. மூன்றாம் வகை ஊரில் ரூ. 3,000. போக்குவரத்துப்படியிலும் வேற்றுமை உண்டு. என் நிலையில் உள்ள ஊழியருக்குப் பெரிய நகரங்களில் ரூ. 3,600, மற்ற இடங்களில் ரூ. 1,800. அதன்மேல் பஞ்சப்படியும் சேரும். 2024 சனவரி விகிதத்தில் அவை ரூ. 5,400 என்றும் ரூ. 2,700 என்றும் ஆகும். ஆக, மும்பையை விட்டுச் சோலாப்பூர் போகிற அன்றே ரூ. 5,700 சம்பளத்திலிருந்து கழன்றுவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாடகைப்படி நாம் குடியிருக்கும் வீட்டைப் பார்த்து வருவதன்று. வேலை பார்க்கும் இடத்தைப் பார்த்து வருவது. மும்பை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு பத்லாப்பூரில் குடியிருப்பவருக்கு முதல் வகைப் படியே கிடைக்கிறது. வீட்டை மாற்றுவதும் வேலையை மாற்றுவதும் ஒன்றல்ல என்பதை இதனால் அறியலாம்.

இன்னும் இரண்டு செய்திகளை ரயில்வே அன்பர்கள் மறக்கலாகாது. நிர்வாகமே நம்மை வேறு ஊருக்கு அனுப்பினால் பயணச் செலவும் சாமான் ஏற்றும் செலவும் உண்டு. நாமாகக் கேட்டு வாங்கும் மாற்றத்திற்கு அவை இல்லை. மேலும், விருப்ப மாற்றத்தில் வேறு கோட்டத்திற்குப் போகிறவர் அங்கே தம் பதவியில் உள்ளோர் வரிசையின் அடியில் நிற்க வேண்டும். பத்து ஆண்டு ஏறி வந்த சீனியாரிட்டி அதோடு போயிற்று. பதவி உயர்வு அவ்வளவு தள்ளிப்போகும். ஒருவரோடு ஒருவர் இடம் மாற்றிக்கொள்ளும் பரஸ்பர மாற்றத்தில் இழப்பு இவ்வளவு இராது. ஆயினும் அதற்கு ஏற்ற ஆள் கிடைக்க வேண்டும்.

என் மனைவி கேட்ட கேள்வி

நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய முதற் கணக்கு இது. டோம்பிவிலியில் புதிய வாடகை ரூ. 15,500. சோலாப்பூரில் அதே அளவு வீடு ரூ. 7,000-க்குக் கிடைக்கும் என்று அங்கே வேலை பார்க்கும் நண்பர் விசாரித்துச் சொன்னார். மிச்சம் ரூ. 8,500. சம்பளத்தில் குறைவது ரூ. 5,700. கையில் நிற்பது ரூ. 2,800. சிறு தொகைதான், ஆயினும் லாபம் லாபமே என்று மகிழ்ந்தேன்.

என் மனைவி தையல் வேலை செய்பவள். நாங்கள் இருக்கும் கட்டடத்திலும் அடுத்த இரண்டு கட்டடங்களிலும் உள்ள பெண்கள் அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கின்றனர். மாதம் ரூ. 6,500 அளவில் வருகிறது. நோட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "என்னங்க, உங்கள் சம்பளத்தை எழுதியிருக்கிறீர்கள், என் வரும்படி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"அங்கேயும் தைக்கலாமே" என்றேன்.

"தைக்கலாம். மலிவான ஊரிலே என் தையலும் மலிவாகத்தானே போகும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்நண்பருக்கே மறுபடியும் எழுதினேன். சோலாப்பூர் நெசவும் தையலும் நிறைந்த ஊர். பீடி சுற்றியும் ஆடை தைத்தும் பிழைக்கும் பெண்கள் அங்கே ஏராளம். தையற் கூலி இங்கே கிடைப்பதில் பாதியளவே என்று அவர் எழுதினார். புதிய ஊரில் வாடிக்கை பிடிக்க ஓராண்டாவது செல்லும். ஓராண்டு கழித்துப் பாதி வருமானம் வந்தாலும் அவள் ரூ. 3,250 இழக்கிறாள். என் லாபமாகிய ரூ. 2,800-ஐ அதிலே கழித்தால், குடும்பத்திற்கு மாதம் ரூ. 450 நஷ்டம். ஓராண்டு வரும்படியே இல்லாமல் இருக்கும் நாட்களும், சாமான் ஏற்றும் கூலியும், புது வீட்டு முன்பணமும் இக்கணக்கில் சேரவில்லை.

என் மனைவியின் கேள்வியில் இவ்விஷயத்தின் சாரமே அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன். ஓர் ஊரில் விலை குறைந்திருப்பதற்குப் பெரும் காரணம் அங்கே மக்களின் கூலி குறைந்திருப்பதே. அந்த ஊரிலேயே உழைத்து, அந்த ஊரிலேயே கூலி பெற வேண்டியவனுக்கு மலிவால் பெரும் பயன் இல்லை. அவன் உழைப்பும் அந்த மலிவிலே சேர்ந்துவிடுகிறது. வருமானத்தை வேறிடத்திலிருந்து கையோடு கொண்டு போகிறவனுக்கே மலிவான ஊர் உண்மையில் மலிவாகிறது.

இரு அண்டை வீட்டார்

இதற்கு எங்கள் பகுதியிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. இருவரும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள்; இருவரையும் அண்ணாச்சி என்றே அழைப்போம்.

ஒருவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பென்ஷன் எந்த ஊரில் வாங்கினாலும் அதே தொகைதான். அவர் இங்கே வைத்திருந்த சிறு வீட்டை விற்று, ஊரில் ஒரு வீட்டைச் செப்பனிட்டு, மீதியை வங்கியில் போட்டுவிட்டுப் போனார். இரண்டு பேர் சாப்பாட்டிற்கு இங்கே ஆன செலவில் பாதிகூட அங்கே ஆகவில்லை என்கிறார். ஒரு குறை மட்டும் சொல்கிறார்: இருதய வைத்தியத்திற்கு ரயில்வே மருத்துவமனையை நாடினால் மதுரைக் கோட்ட மருத்துவமனைக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. அவசரத்திற்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதால் அவர் அஞ்சவில்லை. அவருடைய முடிவு சரியான முடிவே.

மற்றவர் தாராவியில் இட்லி வியாபாரம் செய்தவர். விடியற்காலையில் ஆட்டிய மாவை அவித்து, பாத்திரத்தில் ஏற்றித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்று, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். முதுகு வலி தாங்காமல், "ஊரிலே ஒரு கடை போட்டால் போதும், வாடகை ஆயிரத்திற்குள் முடிந்துவிடும்" என்று புறப்பட்டார். கடை வாடகை அவர் சொன்னபடியே குறைவுதான். ஆனால் இட்லி அங்கே யாருக்கும் அதிசயமில்லை. தெருவுக்கு இரண்டு கடை. விலையோ இங்கே விற்றதில் பாதி. பதினான்கு மாதத்தில் சேமிப்புக் கரைந்தது. திரும்பி வந்தபோது அவர் இருந்த அறையில் வேறொருவர் இருந்தார். முன்பணம் இரு மடங்காகியிருந்தது.

அவருக்கு நேர்ந்த இழப்பு அதோடு நிற்கவில்லை. தாராவி மறுசீரமைப்பில் 2000-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்தவர்க்குத் தனி உரிமை உண்டு. அதற்கு ஆவணமும் வேண்டும், ஆளும் அங்கே இருக்க வேண்டும். குடியிருப்பைக் கைவிட்டுப் போகுமுன் இதைப்பற்றி விசாரிக்காதவர்கள் பின்னர் வருந்துவதைக் காண்கிறோம்.

பெரிய நகரத்தை விட்டுப் போகும் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. திரும்பி வரும் கதவோ ஒவ்வோர் ஆண்டும் குறுகிக்கொண்டே போகிறது. போகிறவர் இதையும் ஒரு செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

தங்கவயலின் பாடம்

மும்பைக்கு வெளியேயும் நம்மவர் வாழ்வில் ஒரு பாடம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத்தொழிலை நடத்தத் தொடங்கியபோது, வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அங்கே சென்றன. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று; வீடு நின்றது.

அங்கே குடியிருக்கச் செலவு மிகக் குறைவு. ஆகவே பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போகாமல், ஆண்களும் பெண்களும் ரயிலேறி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கினர். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிறார்கள். வீட்டு வாடகையில் மிச்சப்படுத்தியதை ரயில் பெட்டியில் நேரமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்லாப்பூருக்குப் போக எண்ணுவோரும் இதை நினைக்க வேண்டும். மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்திலிருந்து டோம்பிவிலி ஏறத்தாழ 48 கிலோமீட்டர். பத்லாப்பூர் ஏறத்தாழ 68. கூடுதலாக ஒரு வழிக்கு அரை மணி என்றாலும் நாளைக்கு ஒரு மணி. மாதம் இருபத்தைந்து நாளைக்கு இருபத்தைந்து மணி. அலுவலகக் கணக்கில் அது மூன்று நாள் வேலை. டோம்பிவிலியில் ஏறி நிற்பதற்கே இடமில்லாத வண்டியில் அந்த மூன்று நாளையும் கழிக்க வேண்டும். மிச்சமாகும் வாடகை அந்த மூன்று நாளுக்கு ஈடாகுமா என்பதை அவரவர் உடல்நிலையைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பும் சான்றிதழ்களும்

ஊர் மாறும்போது பெரியவர்கள் பெட்டியைத்தான் தூக்குகிறார்கள். பிள்ளைகளோ பாடத்திட்டத்தையும் மொழியையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. எந்த வகுப்பில் மாற்றுகிறோம் என்பது எந்த ஊருக்கு மாற்றுகிறோம் என்பதற்குச் சற்றும் குறைந்ததன்று.

மகாராஷ்டிரத்தில் மருத்துவக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இம்மாநிலத்திலேயே தேறியிருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2020-இல் சட்டம் வந்தது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஊருக்கு அழைத்துச் சென்றால், இங்கே உள்ள வாய்ப்பும் போகும். அங்கே உள்ள சலுகையும் கிட்டாது.

தமிழும் ஒரு கேள்வியே. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ்ப் பாடம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாயிற்று. வீட்டில் தமிழ் பேசியும் எழுத்துக் கூட்டத் தெரியாத நம் பிள்ளைகள் அங்கே ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் எவ்வளவு தவிப்பார்கள்! ஊருக்குத் திரும்பும் எண்ணம் சிறிதேனும் உள்ளவர்கள், அந்த எண்ணம் முதிரும் வரை காத்திராமல், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கு இன்றே பிள்ளைகளை அனுப்புவது நலம்.

சாதிச் சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக உள்ளவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், குடியேறிய மாநிலத்தில் அச்சலுகையைக் கோர இயலாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு வேலைக்குச் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். குடியேறிய மாநிலத்தின் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லாது. வேலை தேடி மூன்றாவது மாநிலம் ஒன்றிற்குப் போக எண்ணும் குடும்பங்கள் இதனை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

ரேஷன் விஷயத்தில் நிலைமை முன்னைவிட நன்று. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2022 ஜூன் மாதத்திற்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. மத்திய உணவுச் சட்டத்தின் கீழ் அட்டை உள்ளவர் தம் பங்குத் தானியத்தை எந்த ஊரிலும் பெறலாம். அந்தந்த மாநிலம் தனியே கொடுக்கும் பொருள்கள் மட்டும் அந்தந்த மாநிலத்து அட்டைக்கே உரியவை.

மறுபக்கம்

இவ்வளவும் கூறியதால் எங்கும் போகவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணலாகாது. மலிவான ஊரில் பணத்தால் அளக்க முடியாத சில நன்மைகள் உண்டு.

காலை நாலே முக்காலுக்கு எழுந்து, இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறேன். என் மகள் உறங்கும்போது போகிறேன். அவள் பாடம் முடித்துச் சோர்ந்திருக்கும்போது வருகிறேன். சோலாப்பூரில் நண்பர் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வீட்டிற்கு வந்து பகல் சாப்பாடு சாப்பிட்டுப் போகிறார். மாலை ஆறு மணிக்குப் பையனை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறார். ஆண்டு முழுதும் நான் மகளோடு பேசும் பேச்சை அவர் ஒரு மாதத்தில் பேசிவிடுகிறார் என்று தோன்றியபோது, நோட்டில் இருந்த ரூ. 450 நஷ்டம் பெரிதாகப் படவில்லை.

மேலும், மும்பையில் வீடு வாங்குவது எங்களைப் போன்றோர்க்குக் கனவு. அங்கேயோ கடன் வாங்கியாவது சிறு வீடு ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள இயலும். பதினோரு மாதத்திற்கு ஒரு முறை நெஞ்சு அடித்துக்கொள்ளும் நிலை ஒழியும். மும்பை–சென்னை ரயில் பாதையிலேயே சோலாப்பூர் அமைந்திருப்பதால் ஊருக்குப் போய்வருவதும் எளிது. குறைகளும் உண்டு. வெயில் கடுமை, குழாயில் நாள்தோறும் தண்ணீர் வருவதில்லை, சேர்த்து வைத்தே வாழ வேண்டும். நம் மொழி பேசுவோர் இங்குபோல் தெருவுக்குத் தெரு இல்லை.

என் தாயாரைக் கேட்டேன். "எய்யா, எனக்கு எந்த ஊரானாலும் சரிதான். பேச நாலு பேர் வேணும், காலையிலே கும்பிட ஒரு கோயில் வேணும்" என்றார். அந்த நாலு பேரை நான் எந்தக் கலத்தில் எழுதுவது?

முடிவு செய்யுமுன்

இரண்டு மாத யோசனைக்குப் பின் எனக்குத் தெளிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கு எழுதும்போது வீட்டில் சம்பாதிக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பக்கம் எழுதுங்கள். அவருடைய வருமானம் கூட வருவதா, இங்கேயே நின்றுவிடுவதா என்று கேளுங்கள். பென்ஷன், வட்டி, வெளியூர்ப் பிள்ளை அனுப்பும் பணம் ஆகியவை கூட வரும். வாடிக்கை, கூலி, அக்கம்பக்கத்து நம்பிக்கை ஆகியவை வாரா. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்து நாளைக் குறியுங்கள். முதியவர்க்கு வேண்டிய வைத்தியம் எத்தனை மைலில் என்று பாருங்கள். போகும் ஊரில் நல்ல மாதத்தில் இரண்டு நாள் தங்கிப் பார்த்தால் போதாது. மே மாதத்து வெயிலில் ஒரு வாரமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். ஓராண்டிற்குள் திரும்ப நேர்ந்தால் இங்கே முன்பணம் கட்டுவதற்குரிய தொகையைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் பெரியோர் சொன்னது குடிபெயர்வதற்கும் பொருந்தும்.

நாங்கள் செய்த முடிவு இது. என் மகள் பத்தாம் வகுப்பு முடிக்க இன்னும் இரண்டாண்டுக்கு மேல் இருக்கிறது. அதுவரையில் அசைவதில்லை. அதன்பின் அவள் பதினோராம் வகுப்பிற்குச் சோலாப்பூரில் சேரலாம். மாநிலம் மாறாததால் அவள் வாய்ப்பு எதுவும் கெடாது. இடையில் என் மனைவி, ரவிக்கையோடு பள்ளிச் சீருடையும் தைக்கப் பழகிக்கொண்டு, அங்கே ஏதேனும் தையற்கூடத்தில் வேலை எடுத்துச் செய்ய முடியுமா என்று கடிதம் எழுதி விசாரித்து வருகிறாள். நானும் பரஸ்பர மாற்றத்திற்கு ஆள் தேடுகிறேன்.

வாடகைக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் என்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கமேயன்றி அதற்குமேல் எழுதக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி, காலம் குறைவானாலும் நெடியதானாலும் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆகவே பதினோரு மாதத்தில் முடிப்பதால் வீட்டுக்காரருக்கும் பதிவுத் தொல்லை மிச்சமில்லை. ஆண்டுதோறும் தரகுக்காரருக்கு ஒரு மாத வாடகை போவதுதான் மிச்சம். இதை வீட்டுக்காரரிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன். மூன்று பதினோரு மாதங்களுக்குச் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக எழுத இசைந்தார். முதற் பகுதிக்கு ரூ. 14,700, அடுத்த இரண்டிற்கும் ஏறும் தொகை இப்போதே எழுதப்பட்டுவிட்டது. முன்பணம் பழையபடியே. நல்ல குடித்தனக்காரர் நிலைத்திருப்பது தமக்கும் நல்லதென்று அவரே சொன்னார்.

முப்பத்து மூன்று மாதத்திற்கு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழ வேண்டிய அவசியமில்லை. மனுவை நான் கிழித்துவிடவில்லை. மேசையிழுப்பறையில் நோட்டுப் புத்தகத்தின் நடுவே இருக்கிறது. கையெழுத்திடும் நாள் வந்தால், வீட்டில் உள்ள நால்வரும் படித்துப் பார்த்த பிறகே இடுவேன் என்று என் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன்.